ஸ்பைடரும் சிவப்புத் தொட்டியும்

ஸ்பைடர் என்றதும் அமெரிக்கச் சிலந்தி மனிதனை நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. நான் பேசப்போவது அவனைப் பற்றி அன்று. கூரிய காதுகளும், நெற்றி நடுவில் ஆப்பு அடித்தாற்போல இறங்கும் முடியும், உடலோடு ஒட்டிய கறுப்பு உடையுமாக, தன்னைவிட அறிவாளி உலகில் இல்லை என்று பக்கத்துக்கு இரண்டுமுறை அறிவித்துக்கொள்ளும் அந்தப் பிரிட்டிஷ் ஸ்பைடரைப் பற்றி. தமிழ்க் காமிக்ஸ் வாசகர்கள் அவருக்குச் சூட்டியிருக்கும் செல்லப்பெயர் கூர்மண்டையர். செல்லமும் எரிச்சலும் சரிபாதியாகக் கலந்த பெயர் அது.

1984 ஜூலையில் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. ஆசிரியர் எஸ்.விஜயன் அப்போது மிக இளைஞர். மாடஸ்டியை வைத்துத் தொடங்கிய அவ்விதழை மூலைமுடுக்குக் கடைகளெல்லாம் கேட்டு வாங்கும்படி செய்தது, சில மாதங்களில் 'எத்தனுக்கு எத்தன்' வழியாக அறிமுகமான ஸ்பைடர்தான். அதற்கு முன்பே, 1972 முதல், முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி கோலோச்சிக்கொண்டிருந்தார். என் தலைமுறைக்கு இருவருமே மூத்த உறவினர் மாதிரி. பிறந்தபோதே வீட்டில் இருந்தார்கள்.

நீண்ட தொய்வுக்குப் பிறகு 2012-இல் லயனும் முத்துவும் புத்துணர்ச்சியோடு திரும்பிவந்தன. 2015-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பழைய நாயகர்களின் கதைகள் மறுபதிப்பாக அணிவகுத்தன. மாயாவி வந்தார், லாரன்ஸ்-டேவிட் வந்தார்கள், ஜானி நீரோ வந்தார், ஸ்பைடரும் வந்தார். மாயாவிக்குக் கிடைத்த வரவேற்பு ஸ்பைடருக்குக் கிடைக்கவில்லை. இளமையின் நினைவுக்காக வாங்கியவர்களே படித்து முடிக்கத் திணறினார்கள். புதிதாகப் படித்தவர்கள் சிரித்தார்கள். 'பூச்சுற்றல்' என்ற ஒற்றைச் சொல்லில் தீர்ப்பு எழுதப்பட்டது. காதில் பூச்சுற்றுவது என்ற நல்ல தமிழ் வழக்கிலிருந்து பிறந்த இச்சொல்லைத் தமிழ் விமரிசனக் கலைச்சொல் அகராதி எதுவும் இன்னும் சேர்த்துக்கொள்ளவில்லை. சேர்க்கலாம்.

இந்தக் கோபத்தை நான் அருகிலிருந்து பார்த்தது ஒரகடத்தில்.

ஸ்ரீபெரும்புதூர் ஒரு காலத்தில் ராமானுஜர் பிறந்த ஊர். பின்னர் 1991-இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியபிறகு அது வேறொன்றாகியது. இன்று அங்கிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயில் நோக்கிப் போகும் சாலையின் இருபுறமும் கார், லாரி, மோட்டார்சைக்கிள், டயர், கைபேசி என எதையாவது செய்துகொண்டிருக்கிறார்கள். அந்தப் பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்துதரும் சிறு ஆலைகள் ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்பவர் என் நண்பர் ஒருவர். சிவகாசிக்குப் பக்கத்துக்காரர் ஆகையால் எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி. நான் பாடம் எடுக்கும் கல்லூரி அந்த வட்டாரத்திலேயே இருப்பதால், படப்பையில் அவருடைய கம்பெனி பஸ் வந்து நிற்கும் இடத்திலுள்ள தேநீர்க் கடையில் அடிக்கடி சந்தித்துக்கொள்வோம்.

அண்ணாச்சியிடம் ஒரு ரெக்சின் பை உண்டு. அதில் பழுப்புத்தாள் அட்டை போட்ட காமிக்ஸ் புத்தகங்கள் எப்போதும் இருபதுக்குக் குறையாமல் இருக்கும். காலை ஷிப்டுக்குப் போகும் பஸ்ஸில் அவை கைமாறும். திருப்பித் தரும்போது கடைசி அட்டையின் உட்புறத்தில் பென்சிலால் கருத்தெழுதித் தரவேண்டும் என்பது அவர் வைத்த விதி. கருத்து நீளமாக இருக்கவேண்டியதில்லை. ஆலைவழக்குப்படி இரண்டே முத்திரை: ஓகே, அல்லது என்.ஜி. ஜப்பானியரும் கொரியரும் நடத்தும் ஆலைகள் வழியாக இங்கே வந்து சேர்ந்த குறுக்கெழுத்து அது. தேறாத பொருளுக்கு இடும் பெயர். என்.ஜி. என்றால் காரணம் எழுதியாகவேண்டும். காரணமில்லாமல் எந்தப் பொருளையும் சிவப்புத் தொட்டியில் போட முடியாது.

ஸ்பைடரின் மறுபதிப்பு ஒன்று பஸ்ஸில் சுற்றிவிட்டு வந்ததை அண்ணாச்சி எனக்குக் காட்டினார். ஒன்பது கையெழுத்துகள். ஏழு என்.ஜி. காரணங்களை அன்றே குறித்துக்கொண்டேன்.

"ஒரே துப்பாக்கியிலிருந்து வலை வருது, வாயு வருது, இன்னும் என்னென்னமோ வருது. மேகசின் எங்க இருக்கு?" இது ஒரு மெயின்டனன்ஸ் ஆள்.

"வில்லன் முதல்ல மலையையே தூக்குறான். முடிவுல கயித்தை அறுக்க முடியல. ஸ்பெசிபிகேஷன் மாறுது."

"ஒவ்வொருத்தனும் என்ன பண்ணப்போறேன்னு சொல்லிட்டுத்தான் பண்றான். எதிரிக்கு எதுக்குச் சொல்லணும்?"

"மாட்டுறாரு, தப்பிக்கிறாரு, மாட்டுறாரு, தப்பிக்கிறாரு. எண்ணிப் பார்த்தேன், பதினொரு தடவை."

"சின்ன வயசுல நல்லா இருந்துச்சு. இப்ப யாரைத் திட்டுறதுன்னு தெரியல."

கடைசியாகச் சொன்ன அந்த வரியை எழுதியவர் என்.ஜி. என்று போட்டுவிட்டு அதையே அடித்து ஓகே ஆக்கி, மறுபடி என்.ஜி. ஆக்கியிருந்தார்.

எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது நன்னூல். இளங்கலை இரண்டாமாண்டு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பவணந்தியின் பொதுப்பாயிரத்தை நடத்துகிறேன். ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று அவர் பட்டியலிடுகிறார். மாணவர்கள் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி மறந்துவிடுவார்கள். அந்தப் பென்சில் குறிப்புகளைப் பாருங்கள். முன்பின் முரணாகச் சொல்வது மாறுகொளக் கூறல். எதிரியிடம் திட்டத்தை விளக்குவது மிகைபடக் கூறல். பதினொருமுறை மாட்டித் தப்பிப்பது கூறியது கூறல். எல்லாவற்றுக்கும் மேலாக, வீறுடன் தொடங்கி மெலிந்து மெலிந்து ஒன்றுமில்லாமல் முடிவது, பவணந்தி சென்று தேய்ந்து இறுதல் என்றழைத்தது, ஸ்பைடர் கதைவரிசை முழுமைக்கும் பொருந்தும். நன்னூலைத் திறந்தே பார்த்திராத ஏழு தொழிலாளிகள் ஓடும் பஸ்ஸில் அதைப் பயன்படுத்தியிருந்தார்கள். எழுநூறு ஆண்டுக்கும் மேற்பட்ட பாடத்தை இவ்வளவு உயிரோடு என் வகுப்பில் நான் கண்டதில்லை.

நிற்க. குற்றம் காட்டுவது ஒன்று. குற்றத்துக்குக் காரணம் காண்பது இன்னொன்று. அண்ணாச்சியின் தொழிலில் இதை வேர்க்காரணம் என்பார்களாம். உதிரிபாகம் வளைந்திருந்தால் வளைவை அளந்ததோடு வேலை முடிவதில்லை; ஏன் வளைந்தது என்று ஐந்துமுறை அடுத்தடுத்து "ஏன்" கேட்கவேண்டும்.

முதற்காரணம் எளிது. ஸ்பைடர் பிரிட்டனின் லயன் வார இதழில் 1965 ஜூனில் தொடங்கி 1969 வரை வந்த தொடர். வாரத்துக்குச் சில பக்கங்களே. ஒவ்வொரு வாரத் துணுக்கும் ஆபத்தில் முடிந்தாக வேண்டும்; அடுத்த வாரத் துணுக்கு அந்த ஆபத்திலிருந்து விடுவித்து, இன்னொன்றில் தள்ளிவிட வேண்டும். இடையே ஏழு நாட்கள். அந்த ஏழு நாட்களில் ஒரு சிறுவன் தன் மனத்துக்குள் கதையின் பாதியை எழுதிவிடுவான். கல்கி காலத்திலிருந்து வாரத் தொடர்கதை படித்துப் பழகிய தமிழருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அந்தத் துணுக்குகளை ஒட்டுமொத்தமாக ஒட்டி ஒரே மணி நேரத்தில் படிக்கும் புத்தகமாக்கினால் காத்திருப்பு காணாமற்போய், மாட்டுவதும் தப்பிப்பதும் மட்டுமே மிஞ்சும். பதினொருமுறை என்று எண்ணியவர் உண்மையில் பதினொரு வாரங்களை எண்ணியிருக்கிறார்.

இரண்டாவது காரணம் எழுதியவரைப் பற்றியது. ஸ்பைடரைப் படைத்தவர் டெட் கோவன். ரெஜ் பன் என்பவர் வரைந்தார். அந்தக் கோடுகளின் நேர்த்தியை இன்றுவரை எந்த என்.ஜி.யும் தொட்டதில்லை. முதல் இரண்டு கதைகளுக்குப் பிறகு எழுத்து வேறொருவர் கைக்குப் போனது. அவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். 1938-இல் சூப்பர்மேனின் முழு உரிமையையும் அவரும் ஓவியர் ஜோ ஷஸ்டரும் விற்றது 130 டாலருக்கு. பிற்பாடு வழக்குத் தொடுத்தார்கள், வெளியேற்றப்பட்டார்கள். சீகல் மீண்டும் அங்கேயே பெயரின்றிக் கூலிக்கு எழுதினார். 1960-களின் நடுவில் உரிமையை மறுபடி கோர முனைந்தபோது அந்த வேலையும் போயிற்று. அதன்பின் அவருக்கு வேலை கொடுத்த இடங்களில் ஒன்று, கடலுக்கு அப்பாலிருந்த இந்த வார இதழ். எழுதியவர் பெயரைப் போடும் வழக்கம் அங்கேயும் இல்லை. 1975-இல்தான், ஊடகங்களில் அவலத்தைச் சொன்ன பிறகு, ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும் சூப்பர்மேன் படைப்பாளர் என்ற பெயரும் இருவருக்கும் கிடைத்தன.

இதை நான் சொன்னபோது அண்ணாச்சி சிறிது நேரம் பேசாமலிருந்தார்.

"பாவம்தான் சார். ஆனா ஆபரேட்டருக்குக் காய்ச்சல்னு பீஸை ஓகே பண்ண முடியாதுல்ல?"

முடியாதுதான். எழுத்தாளனின் துயரத்தைப் படைப்பின் மதிப்பெண்ணோடு கூட்டிப் போடும் நம் இலக்கிய வழக்கத்தை அவர் ஒரே கேள்வியில் ஒதுக்கிவிட்டார்.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சியது. பூச்சுற்றல்தான் குற்றமென்றால் முதற்கதையும் பூச்சுற்றல்தானே? ஒரு ஆள் வலைத்துப்பாக்கியோடும் ஹெலிகாரோடும் வந்து பெருநகரின் குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆவேன் என்கிறான். பூட்டுடைப்பதில் கைதேர்ந்த ஆர்டினியையும், விஞ்ஞானி பெல்ஹாமையும் மிரட்டித் தனக்குக் கீழ் சேர்த்துக்கொள்கிறான். இதில் நம்பத்தக்கது எது? ஆனால் 'எத்தனுக்கு எத்தன்' மீது அந்த பஸ்ஸில் கோபம் இல்லை. பொய் என்பதற்காக யாரும் கோபப்படவில்லை என்றுதானே ஆகிறது. மாயாவியின் கதையும் முழுப்பொய். அதற்கு எல்லாரும் ஓகே போடுகிறார்கள்.

மாயாவியின் பொய்க்கு விதிகள் உண்டு, அதனால் ஏற்கிறார்கள் என்று முதலில் எண்ணினேன். மின்சாரம் பாய்ந்தால்தான் அவர் மறைவார்; குறிப்பிட்ட நேரத்தில் மீண்டும் தெரியத் தொடங்குவார்; மறைந்தாலும் இரும்புக்கை மட்டும் தெரியும். இயந்திரத்தோடு வாழ்பவர்களுக்கு இந்தக் கணக்கு பிடித்துப்போவது இயல்பு. ஸ்பைடருக்கோ எந்த வரம்பும் இல்லை. தேவையான கருவி தேவையான நொடியில் இடுப்பிலிருந்து வரும். இவ்விளக்கம் எனக்கு நெடுநாள் போதுமானதாகவே இருந்தது. இதற்கும் அடியில் இன்னொரு காரணம் இருப்பதைக் காட்டியவர் என் பழைய மாணவர் ஒருவர்.

வணிகவியல் படித்தவர், பொதுத்தமிழ் வகுப்பில் என்னிடம் இருந்தார். படிப்பு முடித்து வேலை அமையாமல், ஒப்பந்தத் தொழிலாளியாக ஒரு பிரஸ் ஷாப்பில் சேர்ந்தார். தகட்டை வைத்து, மிதியை அழுத்தி, அச்சில் விழுந்த வில்லையை எடுக்கும் வேலை. ஓர் இரவு ஷிப்டில் வலக்கையின் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போயின. நான் கேள்விப்பட்டது பல மாதங்கள் கழித்து, அதே தேநீர்க் கடையில். அண்ணாச்சியின் பையிலிருந்து அவரும் புத்தகம் எடுத்துப் படிப்பவர் என்பதும் அன்றுதான் தெரிந்தது. அவர் கையிலிருந்தது முத்து காமிக்ஸின் முதல் இதழான 'இரும்புக்கை மாயாவி'யின் மறுபதிப்பு.

தமிழாசிரியனுக்கு இத்தகைய இடங்களில் வாய் அடைத்துப்போகும். அவரே பேசினார்.

"இதுல கை எப்படிப் போச்சுன்னு சொல்லவே இல்லையே ஐயா. ஆரம்பிக்கும்போதே இரும்புக்கை மாட்டியிருக்கு."

உண்மை. 1962 அக்டோபரில் வேலியன்ட் இதழில் தொடர் தொடங்கும்போதே லூயிஸ் கிராண்டேல் ஒரு ஆய்வகத்தின் உதவியாளர். விபத்தில் வலக்கையை இழந்து, இரும்புக்கை பொருத்திக்கொண்டு வேலைக்குத் திரும்பியிருப்பவர். கென் பல்மர் எழுதினார். ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். அடுத்த விபத்துதான் அவரை மறையவைக்கிறது. முதல் விபத்தைப் பற்றிக் கதைக்கு அக்கறையில்லை.

"ரெண்டு விரலுக்கு இருபது பர்சென்ட் ஐயா. முழுக் கைன்னா அறுபது. இவருக்கு அறுபது வந்திருக்கும்."

அவர் விபத்துக்குள்ளானபோது நடப்பிலிருந்த இழப்பீட்டுச் சட்டப் பட்டியல் அப்படித்தான் சொன்னது. ஒரு கையின் இரு விரல்கள் போனால் சம்பாதிக்கும் திறனில் நூற்றுக்கு 20 இழப்பு; கட்டைவிரல் முழுதாகப் போனால் 30; ஒரு கை போனால் 60. வரிவரியாக, அளவு ஒழுங்கோடு. உறுப்பிலக்கணம் மாதிரி என்று தோன்றிய கணமே அந்த ஒப்புமையை நான் வெறுத்தேன்.

புத்தகம் பிடித்ததா என்று கேட்டேன்.

"முதல்ல பிடிச்சுது. கை போனப்புறம் அவரு கெட்டவரா ஆவுறாரு பாருங்க, திருடுறாரு, ஊரையே மிரட்டுறாரு. அது சரிதான் ஐயா. அப்படித்தான் தோணும். அப்புறம் நல்லவராயி கவர்மெண்டு வேலைக்குப் போயிடுறாரு. அடுத்தடுத்த புக்கெல்லாம் அதுதான். அது என்.ஜி."

அவர் சிரித்தபடிதான் சொன்னார். நான் வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாயாவியும் ஸ்பைடரும் தீயவர்களாகவே பிறந்தவர்கள். ஒருவனுக்கு இழந்த கையின் வன்மம். இன்னொருவனுக்கு உலகமே தன்னை மேதை என்று ஒப்புக்கொள்ளவேண்டும் என்ற வெறி. சிறுவர் இதழ்களின் நல்லொழுக்கமும், 1966-இல் பேட்மேன் தொலைக்காட்சித் தொடர் வெற்றிபெற்ற அந்தக் காலத்தின் சூப்பர் ஹீரோ மோகமும் இருவரையும் திருத்திவிட்டன. கிராண்டேல் நிழற்படையின் உளவாளி ஆனார். ஆங்கில மூலத்தில் சிறிது காலம் சூப்பர் ஹீரோ உடுப்புகூட மாட்டிக்கொண்டார், பின்னர் கழற்றிவிட்டார்கள். ஸ்பைடர் நீதிக்காவலர் ஆனார். 'நீதிக் காவலன் ஸ்பைடர்' என்றே தமிழில் ஒரு தலைப்பு உண்டு. மாயாவி தப்பித்துக்கொண்டார். அந்தக் கை ஒவ்வொரு பக்கத்திலும் கண்ணெதிரே தெரிகிறது. எதை இழந்து இந்த ஆற்றல் வந்தது என்பதை வாசகன் மறக்க வழியில்லை. ஸ்பைடருக்கு அப்படி ஒன்றும் இல்லை. குற்றச் சக்கரவர்த்தி ஆகும் ஆசையை எடுத்துவிட்டால் அவரிடம் மிஞ்சுவது தற்பெருமை மட்டும். நாயகனுக்கு வேண்டுவது ஒன்றுமில்லை என்றாகிவிட்டபின் ஆசிரியருக்கு இருக்கும் ஒரே வழி எதிரியைப் பெரிதாக்குவதுதான். புட்டியிலிருந்து பூதம் கிளம்புகிறது, குட்டி ஸ்பைடர் வருகிறான், இன்னும் யார் யாரோ வருகிறார்கள். பென்சில் குறிப்புகளில் இருந்த அத்தனை குற்றங்களும் இதற்குப் பின் வந்தவை. 'எத்தனுக்கு எத்தன்' ஏன் பிழைத்தது என்பதும் இப்போது விளங்குகிறது. அதில் அவனுக்கு ஒன்று வேண்டியிருந்தது.

இதை அண்ணாச்சியிடம் ஒரு சனிக்கிழமை மாலை விரிவாகவே எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப இது ஸ்கிராப்பா, ரீவொர்க்கா சார்?"

திருத்திப் பயன்படுத்தக்கூடியதா, உருக்கவேண்டியதா என்று பொருள். 2005-இல் ஆலன் மூரின் கதைத்திட்டத்தில், அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதி வெளியான 'ஆல்பியன்' என்ற தொடரைச் சொன்னேன். ஸ்பைடர், மாயாவி, சட்டித்தலையன் ஆர்ச்சி எல்லாரும் அதில் நிஜ மனிதர்களாக, அரசால் சிறைவைக்கப்பட்டவர்களாக வருகிறார்கள்; ஸ்பைடர் மீண்டும் அஞ்சத்தக்கவன் ஆகிறான். ரீவொர்க் முடியும் என்பதற்கு அதுவே சான்று என்றேன். அண்ணாச்சி ஒப்பவில்லை. அது வேறு பொருள், பழைய பீஸின் நம்பரை ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்றார். எங்கள் வழக்கு அந்த இடத்திலேயே நிற்கிறது. ஏழு என்.ஜி. வாங்கிய புத்தகம் இன்னும் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருக்கிறது. புதிதாக இரண்டு என்.ஜி.யும் ஓர் ஓகேயும் சேர்ந்திருக்கின்றன. தொட்டியில் போட அவருக்கு மனமில்லை என்று நினைக்கிறேன், கேட்டால் மறுப்பார்.

மாணவர் இப்போது அதே சாலையில் ஒரு கிடங்கில் கணக்கெழுதுகிறார். இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டுவிட்டார். மாயாவியை அவர் திருப்பித் தரவில்லை. கடைசி அட்டையில் கருத்தெழுதாத புத்தகத்தைத் திரும்ப வாங்கமாட்டேன் என்று அண்ணாச்சிதான் சொல்லியிருக்கிறாராம்.